வாயில் பால் ஊற்றக் கூடாது என்று ஒரு சத்தியக் கடதாசி

இதை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் மிஞ்சியிருக்கும், அவ்வளவுதான். எழுத்து எனக்கு வராது. சாதாரண தரப் பரீட்சையில் தமிழ் ஒன்றுதான் தேறியது. அதுவும் திருத்தியவர் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்.

வேலையை விட்டு ஓய்ந்தவர்கள்தான் இப்படியெல்லாம் எழுதுவார்களாம். நானும் ஓய்ந்தவன்தான். வயது முப்பத்துநாலு. ஓய்வூதியம் கிடையாது, பொன்னாடை கிடையாது, பிரிவுபசார விருந்தில் கட்லட் கூடக் கிடையாது. இப்போது கித்துல்கலையில் ஆற்றுப் படகில் வெள்ளைக்காரர்களை ஏற்றி, பாறையில் முட்டாமல் இறக்கிவிடுகிறேன்.

போன மாதம் படகேற வந்த கூட்டத்தில் இரண்டு பிள்ளைகள். யட்டியாந்தோட்டையில் நான் முன்பு வேலை பார்த்த நொத்தாரிசுக் கந்தோரில், அதாவது பத்திரம் எழுதி உறுதிசெய்யும் அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்த லிகிதர்கள்.

"அண்ணே, நீங்கதானா அந்தச் சீலன்?"

"எந்தச் சீலன்?"

"எங்கள ஏசுறப்பல்லாம் ஐயா சொல்லுவாரு. சீலன மாதிரி வாயத் தொறந்து பொழப்பக் கெடுத்துக்காதீங்கன்னு."

ஆக, நொத்தாரிசு ஐயா என்னை இன்னும் உதாரணம் காட்டுகிறார். கெட்ட உதாரணம். அதைக் கேட்டதும் எனக்குப் பேனா பிடிக்கும் ஆசை வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் இன்னொன்றும் சொன்னார்கள். நமக்குப் பதிலாக இன்னொருவர் முடிவெடுக்க எழுதிக் கொடுப்பதுதான் அற்றோர்னித் தத்துவம்; எழுதியவருக்கு அறிவு தவறினாலும் செல்லக்கூடிய ஒன்றைப் பற்றி இப்போது கொழும்பில் பேசிக்கொள்கிறார்களாம். வந்தால் நல்லதுதான். வருவதற்கு முன்னால் நாங்கள் என்ன பாடுபட்டோம் என்பதையும், நான் ஏன் வாயைத் திறந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐயா படித்தால் படிக்கட்டும்.

வேலை பழகிய கதை சின்னது. முதலில் தேநீர் வாங்கினேன். பிறகு முத்திரை ஒட்டினேன். பிறகு வாசித்தேன். வாசிப்பதுதான் என் உண்மையான வேலை.

குலநாயகம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். நொத்தாரிசும் அவர்தான், சமாதான நீதவானும் அவர்தான். அவர் எழுதும் தமிழ் கோயில் கல்வெட்டு மாதிரி இருக்கும். பேசும் தமிழ் எங்கள் தோட்டத்துச் சனங்களுக்குப் பாதிதான் விளங்கும். "எனது சட்டபூர்வமான அற்றோர்னியாக நியமித்து அதிகாரமளிக்கின்றேன்" என்று அவர் எழுதியிருப்பார். எதிரே இருக்கும் பெரியவர் என் முகத்தைப் பார்ப்பார். "ஒங்களுக்குப் பதிலா கையெழுத்துப் போட இவர வைக்கிறீங்க. இவரு போட்டா நீங்க போட்ட மாதிரி. சரிங்களா?" என்பேன். சட்டப்படி, கையெழுத்து வைப்பவருக்கு விளங்கும் விதமாக வாசித்துக் காட்டவேண்டும். அந்த 'விளங்கும் விதம்' நான்தான்.

கந்தோரில் ஒரு பாதிக் கதவு இருந்தது. அதற்கு உள்ளே கை வைத்த நாற்காலி ஒன்று, வெளியே வாங்கு, அதாவது பெஞ்சு, ஒன்று. தத்துவம் எழுதிக் கொடுப்பவர் நாற்காலியில் இருப்பார். கூட்டி வந்தவர்கள், அவர்கள் மகனாக இருந்தாலும் மந்திரியாக இருந்தாலும், வாங்கில்தான். கதவை மூடிவிட்டு ஐயா ஒரு கேள்வி கேட்பார். வேறு எந்த நொத்தாரிசும் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று முதலில் கேட்கமாட்டார்.

"ஆருக்குக் குடுக்கக் கூடாது?"

இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்பது அவர் கணக்கு. டாக்டர் சான்றிதழையெல்லாம் அதற்குப் பிறகுதான் பார்ப்பார்.

ஒருமுறை கஹவத்தைப் பக்கத்திலிருந்து ஒரு மகன் தகப்பனைக் கூட்டி வந்தான். தகப்பனுக்கு மறதி ஆரம்பித்திருந்தது. மகன் வாங்கில் இருந்துகொண்டே கதவுக்கு மேலால் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"பேர் என்ன ஐயா?" என்றால், "ராமையாங்க" என்று வாங்கு சொல்லும்.

"நான் உம்மட்டைக் கேக்கேல்லை. நீர் வெளியில போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாரும்" என்று ஐயா அவனை அனுப்பினார். பிறகு பெரியவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். பெரியவர் மோவாயை மட்டும் மெதுவாகத் தூக்கி வாசல் பக்கம் காட்டினார். மகன் போன பக்கம்.

மகன் திரும்பி வந்ததும் ஐயா முகத்தை மாற்றாமல் சொன்னார்: "ஐயாவுக்கு இண்டைக்குச் சுகமில்லை தம்பி. இண்டைக்கு எழுத ஏலாது."

எந்த நாளும் எழுதமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அவன் போன பிறகு, "ஐயா, நீங்க பொய் சொல்லுவீங்களா?" என்று கேட்டேன்.

"கதவுக்கு உள்ளுக்குக் கேட்டது கதவுக்கு உள்ளுக்குத்தான் இருக்கோணும். அவன்ர தகப்பன் என்ன காட்டினவர் எண்டு நான் அவனுக்குச் சொல்லோணுமோ?"

இதுதான் அந்தக் கந்தோரின் சட்டம். அரசாங்கச் சட்டத்தை விட ஐயாவுக்கு அது பெரிசு. சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது கூட அவர் குரல் அவ்வளவு உறுதியாக இருந்ததில்லை.

பெருவிரல் வைப்பது என் அடுத்த வேலை. காலமெல்லாம் கொழுந்து பறித்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும். அவசரத்தில் அழுத்தினால் கடதாசியில் கறுப்பாக ஒரு வட்டம்தான் விழும். விரலா உருளைக்கிழங்கா என்று தெரியாது. சுடுதண்ணீரில் கழுவி, துடைத்து, காய வைத்து, மையை மிக மெல்லிசாகப் பூசி, நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு உருட்டவேண்டும். அழுத்தக் கூடாது. பாட்டிமார் கையைப் பிடித்து உருட்டும்போது, "அடுத்தது மோதிரம் போடவா?" என்று கேட்பேன். சிரித்தால் கை இளகும். இளகிய கையில்தான் ரேகை விழும். இதை ஐயா ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை.

இனி சலேத்தம்மாவின் விஷயம்.

அவர் யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். வேதக்காரர். ஒரு காலைப் பொழுதில் கந்தோருக்கு வந்தார். கூட இரண்டு பேர். ஒருவர் மருமகள் குமுது, கித்துல்கலைப் பக்கத்துச் சிங்களப் பெண். லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வாழ வந்து, தமிழை எங்களை விட வேகமாகப் பேசப் பழகியவர். மற்றவர் தோட்டத்துச் சங்கத் தலைவர் மருதமுத்து. தோட்டத்தில் எந்தக் கடதாசிக்கும் சாட்சிக் கையெழுத்து அவர்தான் போடுவார். கல்யாணம், பள்ளி அனுமதி, அடையாள அட்டை, எதுவானாலும். வாசிக்கமாட்டார். கையெழுத்து மட்டும் சாமி ஊர்வலம் மாதிரி நீளமாகப் போகும்.

இருவரையும் வாங்கில் வைத்துவிட்டுக் கதவை மூடினோம்.

"ஆருக்கம்மா குடுக்கக் கூடாது?"

"என் மகன் அந்தோனிக்குங்க."

"ஏன், கூடாத பிள்ளையோ?"

"ஐயோ, தங்கங்க. ஒரே மகன். அதனாலதான் கூடாது."

ஐயா பேனாவைக் கீழே வைத்தார். அது அபூர்வம்.

"பிறகு ஆருக்குக் குடுக்கப் போறியள்?"

"வெளிய ஒக்காந்திருக்காளே, அந்த வாயாடிக்கு. காலையில எந்திரிச்சா எனக்கும் அவளுக்கும் சண்டைதாங்க. மொத்த லயமும் சேந்து நின்னாலும் அவ பயப்பட மாட்டா."

"மொத்த லயமும் ஏன் சேந்து நிக்கப் போகுது?" என்று நான் கேட்டேன்.

"நான் பேச்சு மூச்சு இல்லாமப் படுத்துட்டா, எல்லாரும் டம்ளரும் கரண்டியுமா வருவாங்க தம்பி. என் வாயில யாரும் பால் ஊத்தக் கூடாது. அதுக்கு ஒரு பேப்பர் எழுதணும்."

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் லயங்களில் ஒருவர் நினைவில்லாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், உயிர் எதற்கோ ஏங்கி நிற்கிறது என்பார்கள். உறவுக்காரர் ஒவ்வொருவராக வந்து ஒரு கரண்டி பால் ஊற்றுவார்கள். அதற்கும் போகாவிட்டால் மண்ணாசை என்று சொல்லி, சொந்த மண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள். சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாத சனம் நாங்கள். அதனால் கம்பனிக்காரன் தேயிலை மலையிலிருந்து அள்ளி வந்து கரைப்போம். சாகும்போதாவது கம்பனி நிலத்தில் ஒரு மடக்கு எங்களுக்கு. கோயிலுக்குப் போகிற குடும்பமானாலும் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பமானாலும் இதில் வித்தியாசம் இல்லை.

சலேத்தம்மாவின் புருஷன் வாதம் வந்து படுத்தவர். அவருக்கும் ஊற்றினார்கள்.

"அவருக்கு முழுங்க முடியாதுங்க. டாக்டர் சொல்லித்தான் அனுப்புனாரு. யாரு கேட்டா? லயமே வரிசையில நின்னு ஊத்திட்டுப் போச்சு. பாதி வெளிய வழிஞ்சிருச்சு. சனமெல்லாம் கலைஞ்சப்புறம், வீட்டாளுங்க மட்டும் இருக்கையில, ஆச தீரட்டும்னு கடைசியா இன்னொரு கரண்டி. அதுதான் பொரையேறிடுச்சு. கண்ணு ரெண்டும் வெளிய வந்திருச்சு தம்பி. மூச்சுக்குத் தவிச்சுத் தவிச்சுப் போனாரு. லயத்துல என்னா சொன்னாங்க தெரியுமா? பால் குடிச்சதும் உசிரு போயிருச்சு, பாக்கியவான்னு."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அந்தக் கடைசிக் கரண்டி என் கையாலங்க. இன்னைக்கி வரைக்கும் நான் பால் தேத்தண்ணி குடிக்கிறதில்ல. என் மகனும் இப்படி ஒன்னச் சொமக்கக் கூடாது. அவன் அழுவான். அழுதுக்கிட்டே ஊத்துவான். கையி நடுங்கும். நான் போனப்புறம் அவனுக்குச் சோறு எறங்காது. இது நீங்க ரெண்டு பேரும் தவிர யாருக்கும் தெரியக் கூடாது."

"தெரியாது அம்மா" என்றார் ஐயா.

பிறகு தன் வழக்கப்படி, இருக்கிற உண்மையை ஒளிக்காமல் சொன்னார். அற்றோர்னித் தத்துவம் எழுதலாம். ஆனால் எழுதிக் கொடுத்தவருக்கு அறிவு தவறினால் தத்துவமும் அத்துடன் செத்துவிடும். சட்டம் அப்படித்தான்.

நான் எங்கள் பேச்சில் சொன்னதும் சலேத்தம்மா சிரித்துவிட்டார்.

"எங்க லயத்துத் தண்ணித் தாங்கி மாதிரியா? பைப்புல வராத அன்னைக்கித்தான் அதுலயும் தண்ணி இருக்காது."

ஐயா சட்டத்தைப் பற்றி அவ்வளவு சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை போல. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, தத்துவத்தோடு சேர்த்து ஒரு சத்தியக் கடதாசியும் எழுதுவோம் என்றார். உயிரோடு, அறிவோடு இருக்கும்போதே தன் விருப்பத்தைச் சத்தியம் பண்ணிச் சொல்வது. "இதைச் சட்டம் தடுக்கேல்லை, தாங்கவும் இல்லை. டொக்டர் பாத்தா மதிக்கலாம். மதிக்காமலும் விடலாம்."

"எழுதுங்க. சட்டம் தாங்காட்டி குமுது தாங்குவா."

ஐயா எழுதினார்: "எனது வாய் வழியாகப் பால் முதலான எவ்வகைத் திரவத்தையும் சடங்கின் பொருட்டு எவரும் புகட்டலாகாது."

"முதலானன்னா என்னா?" என்றார் சலேத்தம்மா.

"பாலும், அது மாதிரி மத்ததும்."

"அப்படி எழுதுனா எங்க ஆளுங்க மண்ணக் கரைச்சு எடுத்துட்டு வந்து, இது பால் மாதிரி இல்லையேம்பாங்க. ஒன்னொன்னா எழுதச் சொல்லு."

எழுதினோம். பால். தண்ணீர். மண் கரைத்தது. காசு உரைத்த தண்ணீர். மாதா கோயில் தீர்த்தத்தில் சிறிது தகராறு. சாமியார் வந்து மேலே தெளித்தால் தெளிக்கட்டும், வாயில் வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரியில் மூக்கால் குழாய் போட்டால்? "டாக்டர் போட்டா போடட்டும். குமுது அதுல ஊத்தட்டும். ஆனா வாயில, என் மகன் கையால, ஒரு சொட்டு வேணாம்." ஐயா கடைசி வரியை 'எனது மகன் உட்பட எவரும்' என்று மாற்றினார். காரணம் எழுதவில்லை.

சத்தியக் கடதாசிக்குச் சாட்சி தேவையில்லை. ஐயா இதற்கு மட்டும் வைத்தார். தலைவரையும், பக்கத்துப் போட்டோப்பிரதிக் கடைக்காரரையும் உள்ளே கூப்பிட்டு, முழுவதையும் என்னை வாசிக்கச் சொன்னார். நான் உரக்க வாசித்தேன். தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பால் வேணாங்குற கெழவிய இப்பத்தான் பாக்குறேன்! கெழவி, ஒனக்கு ஆட்டுப் பால் கொண்டாரவா?"

"நீ மொத கையெழுத்தப் போடு மருதமுத்து."

போட்டார். ஊர்வலம் இரண்டு வரியை அடைத்துக்கொண்டு போனது. அவர்கள் இறங்கிப் போகும்போது நான் சலேத்தம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன், "சாட்சிக்கு இந்தாள எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? சும்மா சிரிக்கிறாரு."

"மொத ஆளா டம்ளரத் தூக்கிட்டு வரப்போறவன் அவன்தான், தம்பி. அதுக்குத்தான்."

அடுத்த மழைக்காலத்தில் சலேத்தம்மா விழுந்தார். வாதம். ஆஸ்பத்திரியில் குமுது கடதாசியை நீட்டினார். அங்கிருந்த இளம் டாக்டர் அம்மா இரண்டு முறை படித்தாராம். சிரிக்கவில்லையாம். விழுங்கும் சக்தி போய்விட்டது என்று சொல்லி, மூக்குக் குழாயில் எப்படி ஊற்றுவது, எப்படிச் சாய்த்துப் படுக்க வைப்பது என்று குமுதுவுக்குப் பழக்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். கண் திறந்திருக்கும், ஆள் தெரியாது. அப்படியே நாள் போனது.

லயம் பொறுத்துப் பார்த்தது. பிறகு முணுமுணுத்தது. ஒரு பின்னேரம் கந்தோருக்குக் குமுதுவின் தொலைபேசி அழைப்பு வந்தது. தம்பி என்பதற்கு அவர் சிங்களத்தில் மல்லி என்பார்.

"சீலன் மல்லி, ஓடி வாங்க. பால் கொண்டு வந்துட்டாங்க. நான் வாசல்ல குந்திட்டு இருக்கேன். எவ்வளவு நேரத்துக்குன்னு தெரியல."

நான் எழுந்தேன். ஐயா தலை நிமிர்த்தாமல் சொன்னார்: "போறதெண்டா போம். கடதாசியில இருக்கிறதை மட்டும் சொல்லும். கதவுக்கு உள்ளுக்குக் கேட்டதைக் கொண்டு போகாதையும்."

முச்சக்கர வண்டியில் போய் இறங்கினால், குமுது சொன்னபடிதான். அறை வாசலில், நிலையில் ஒரு தோளும் எதிர் நிலையில் இரண்டு காலும் வைத்துக் குறுக்கே உட்கார்ந்திருந்தார். வெளியே வரிசை. முன்னால் தலைவர், கையில் டம்ளர்.

"சிங்களத்திக்கு நம்ம மொற என்னா தெரியும்? புருஷனப் பெத்தவளுக்கு ஒரு சொட்டுப் பால் குடுக்க மாட்டேங்குறா" என்று வரிசையில் ஒரு குரல்.

"ஆமா, தெரியாது" என்றார் குமுது. "மாமி சொன்னது மட்டும்தான் தெரியும். ஹரி, சரி, தாண்டிப் போறவங்க என்னத் தாண்டிப் போங்க பாப்போம்!"

தலைவர் என்னைக் கண்டதும் தொண்டையைச் செருமினார். "தம்பி, நானும் டவுன்ல விசாரிச்சிட்டுத்தான் வந்தேன். அறிவு போனா பவரும் போச்சு. ஒங்க ஐயா எழுதுன பவரு செத்துப்போச்சு."

"உண்மதான் தலைவரே. பவர் செத்துப்போச்சு. நீங்க உசிரோடதான இருக்கீங்க?"

"என்னா தம்பி பேசுற?"

"நான் வாசிச்சப்ப, கேட்டுட்டு நின்னது நீங்க. வயித்தப் பிடிச்சுச் சிரிச்சது நீங்க. ஆட்டுப் பால் கொண்டாரவான்னு கேட்டது நீங்க. ஆட்டுப் பால்தானா இது?"

வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. தலைவருக்குப் பின்னால் நின்ற அம்மா கேட்டார், "ஏன் தலைவரே, வேணாம்னு அவங்க சொன்னதுக்கு நீங்களா சாட்சி? அப்ப எங்கள எதுக்கு வரச் சொன்னீங்க?"

சட்டம் செய்யாததை அந்தக் கேள்வி செய்தது. தோட்டத்தில் தலைவரின் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்று ஒருமுறை ஆகிவிட்டால், அதற்குப் பிறகு அவர் தலைவர் இல்லை. டம்ளரை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் சுழற்றினார். "நான் மொறைக்கு வந்தேன். பெத்த மகன் இருக்கான். அவன் முடிவு பண்ணட்டும்" என்று சொல்லி, டம்ளரை அந்தோனியின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

அந்தோனி அண்ணன் சுவரோரமாக நின்றிருந்தார். சலேத்தம்மா சொன்ன அதே ஆள். பெரிய உடம்பு, சிவந்த கண். டம்ளரை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"எந்திரி குமுது."

"மாட்டேன்."

"நான் அவங்க மகன்டி."

"தெரியும். பேப்பர்ல உங்க பேர்தான் இருக்கு."

"அப்பாவுக்கு ஊத்துனோம். நல்லபடியாப் போனாரு. ஊரே சொல்லுச்சு. அம்மாவுக்கு மட்டும் ஊத்தாம விட்டா, அப்ப அப்பாவுக்குச் செஞ்சது என்னா? சொல்லு, அது என்னா?" அழுதுகொண்டே ஒரு அடி முன்னால் வைத்தார். டம்ளரில் பால் தளும்பியது. அவர் அம்மா சொன்னது போலவே.

குமுது அசையவில்லை. ஆனால் அவர் கண்ணில் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தேன். லயத்தைத் தடுக்கலாம். அழுகிற புருஷனை எவ்வளவு நேரம் தடுப்பது?

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அந்தோனி அண்ணே, ஒரு நிமிசம் இப்படி வாங்க" என்று லயத்துக்குப் பின்னால், மரவள்ளிப் பாத்திப் பக்கம் கூட்டிப் போனேன். டம்ளரோடுதான் வந்தார். சலேத்தம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். டாக்டர் வேண்டாம் என்றது, சனம் கலைந்தது, கடைசிக் கரண்டி, கண் வெளியே வந்தது, பால் தேநீர் குடிக்காதது. "அது என் கையாலன்னு சொன்னாங்க அண்ணே. அதே பாரத்த நீங்க சொமக்கக் கூடாதுன்னுதான் ஒங்க பேர எழுதச் சொன்னாங்க. ஒங்க மேல கோவத்துல இல்ல."

அவர் குனிந்து டம்ளரைப் பார்த்தார்.

"அம்மா அப்படியா சொன்னிச்சு? அம்மா கையாலன்னா?"

"ஆமாண்ணே. என் காதால கேட்டேன்."

அவர் டம்ளரை உயர்த்தினார். ஒரே மூச்சில் அந்தப் பாலைத் தானே குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துவிட்டு உள்ளே போய், அம்மாவின் காலடியில் உட்கார்ந்தார். வெற்று டம்ளரைக் கண்டதுமே குமுது நிலையிலிருந்து காலை எடுத்து வழி விட்டிருந்தார். இனி மறிக்கத் தேவைப்படவில்லை.

சலேத்தம்மா அந்த வாரமே போனார். நான் அங்கே இல்லை. குமுது ஈரத் துணியால் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது, இருமலோ தவிப்போ இல்லாமல், மூச்சு மெதுவாகக் குறைந்து நின்றுவிட்டதாம்.

நான் கந்தோருக்குத் திரும்பியதும் ஐயாவிடம் மறைக்கவில்லை. சொன்னேன். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு நெடுநேரம் முத்திரைக் கட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"உம்மை நம்பி ஒரு மனுசி வாய் திறந்தவ. கதவு மூடின பிறகு."

"அந்தக் கதவத் தொறந்ததாலதான் ஐயா, அவங்க வாயில ஒரு சொட்டு விழல."

"வடிவாக் கதைக்கிறீர். அது அவவின்ர கதை. உம்மடை இல்லை. ஆருக்கும் தெரியக் கூடாதெண்டு அவ கேட்டதும், பால் வேண்டாமெண்டு கேட்டதும், ஒரே வாயாலதான். ஒண்டைக் காப்பாத்த மற்றதை வித்துப்போட்டீர்."

"நீங்களா இருந்தா என்னா செஞ்சிருப்பீங்க?"

"சும்மா நிண்டிருப்பன்."

"அப்ப பால் உள்ள போயிருக்கும்."

"போயிருக்கும்" என்றார். அந்த ஒரு சொல்லில் அவர் பொய் கலக்கவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன். பிறகு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். நானும், நாளை வரையில் ஏன், இப்போதே போகிறேன் என்று இறங்கினேன். இதுதான் நான் ஓய்வு பெற்ற வரலாறு.

அந்த இரண்டு பிள்ளைகளுக்கு: ஐயாவிடம் நல்லதைப் பழகுங்கள். கேள்வியைப் பழகுங்கள், விரல் உருட்டுவதைப் பழகுங்கள், கூட்டி வந்தவனை வாங்கில் வைப்பதைப் பழகுங்கள். ஆனால் சீலன் மாதிரி வாயைத் திறக்காதீர்கள் என்று அவர் ஏசும்போது தலையைக் குனியாதீர்கள். புதுச் சட்டம் வந்தாலும் லயத்து வாசலில் அது வந்து உட்காராது. ஒரு குமுது உட்காரவேண்டும். அவள் தோற்கப்போகிற நேரத்தில், தெரிந்ததைத் தெரிந்தவன் சொல்லவேண்டும். நான் உண்மையைச் சொன்னேன். நாளைக்கே அப்படி ஒரு வாசல் வந்தாலும் மறுபடியும் சொல்வேன், மறுபடியும் வேலை போனாலும்.

எழுதி முடித்த பிறகு ஐயாவின் ஒரு சொல் மட்டும் குறுக்கே வந்தது. அது அவவின்ர கதை, உம்மடை இல்லை என்றது. சரி, கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். அந்தோனி இப்போது எனக்கு அண்ணன் இல்லை. படகுத்துறையில் என்னோடு துடுப்புச் சுமந்து, என்னை வாடா போடா என்று கூப்பிடும் கூட்டாளி. இது முழுவதையும் படம் பிடித்து அவனுடைய போனுக்கு அனுப்பி, 'ஒங்கம்மா கதை, போடவா வேணாமா?' என்று கேட்டேன். ஒரு நாள் முழுக்கச் சத்தமில்லை. இன்று காலைதான் பதில் வந்தது:

"போடுடா, ஆனா அன்னைக்கி அப்பாவுக்குக் கடைசிக் கரண்டி ஊத்துனது அம்மா இல்ல, நான்."